பொலிஸில் என்ட்ரி போட்டால் போதுமா? பாதுகாப்புக் கட்டளை பற்றி, திருகோணமலையில் இருந்து

நிலாவெளிக்காரி, 2025 ஜனவரி 18

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மனுசன் அடிக்கிறது புதுசில்லை. பலதரம் பொலிஸுக்குப் போய் என்ட்ரி போட்டாச்சு. ஒவ்வொரு தரமும் ரெண்டு பேரையும் ஒரே வாங்கில இருத்திக் கதைச்சு, "சமாதானமாப் போங்கோ" எண்டு அனுப்பி விடுறாங்க. கோட்ஸில பாதுகாப்புக் கட்டளை எண்டு ஒண்டு எடுக்கலாமாம். ஊரில சொல்றது: அது வெறும் பேப்பர், அதை எடுத்தா டிவோர்ஸ் ஆகிடும், பொம்பிளைதான் வீட்டை விட்டு வெளியில போகணும். இதில எது உண்மை?

உப்புவெளி, ஜனவரி 18, இரவு

டிவோர்ஸ் ஆகாது. வீட்டை விட்டு அவ போகத் தேவையில்லை. "வெறும் பேப்பர்" என்பதில் பாதி உண்மை இருக்கு, அதைப் பிறகு எழுதுறன்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றம் கொடுக்கிற கட்டளை இது. கலியாணப் பதிவை அது தொடாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டே "அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது" என்று மட்டும் கேட்கலாம். ஆளை வீட்டுக்குள்ளே வரவிடக் கூடாது என்றும் கேட்கலாம். எதைக் கேட்பது என்பதை அந்த அக்காதான் முடிவு செய்யவேணும், பக்கத்து வீட்டார் இல்லை.

புருசனுக்கு எதிராக மட்டும் இல்லை. முன்னாள் புருசன், பதியாமல் சேர்ந்து வாழ்பவர், தகப்பன், அண்ணன் தம்பி, வளர்ந்த மகன், மாமன் மாமியார் எல்லாரும் இதில் வருவார்கள். குடிச்சிட்டு வந்து தாயை அடிக்கிற மகனுக்கு எதிராகத் தாய் எடுக்கலாம். சேர்ந்து வாழாத காதலன் மட்டும் இதில் அகப்பட மாட்டான், அவனுக்குத் தண்டனைச் சட்டக்கோவைதான்.

உப்புவெளி, ஜனவரி 19

என்ட்ரி பற்றி.

என்ட்ரி என்பது பொலிஸ் புத்தகத்தில் ஒரு பதிவு, அவ்வளவுதான். அதுக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது, எழுதும்போது என்ன எழுதினார்கள் என்பதில் தங்கியிருக்கு. பெரும்பாலும் மூன்று வழியில் ஒன்றில் போகும். ஒன்று, கதைச்சு அனுப்பி விடுவது. அந்த அக்காவுக்கு நடந்தது இது. இரண்டாவது, தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவுச் சாதாரண காயம் என்று போட்டு இணக்க சபைக்கு அனுப்புவது. அங்கே உட்காருகிற பெரியவர்களின் வேலையே இணக்கம் காண்பது. எல்லைக் கல்லை அரை அடி தள்ளிப் போட்ட பிரச்சினைக்கு அது நல்லது. அடிக்கும் அடிவாங்குகிறவளுக்கும் நடுவில் எங்கே கல் போடுவது?

மூன்றாவதுதான் மோசம். மனுசன் அதே இரவில் முந்திப் போய் "அவதான் என்னைக் கடிச்சா" என்று ஒரு முறைப்பாடு போட்டுவிடுவார். உடனே அது இரு தரப்புச் சண்டை ஆகிவிடும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் இரண்டு பேரையும் கோட்ஸுக்கு ஏற்றி, சமாதானம் காப்போம் என்று பிணைமுறி எழுதி வாங்குவார்கள். பல் உடைந்தவளும் பல்லை உடைத்தவனும் ஒரே தாளில் ஒப்பம். இனி அவ முறைப்பாடு போடப் போனால், "நீங்களும் முறியில இருக்கிறீங்க" என்பதுதான் முதல் பதில்.

ஆகவே போகிற அன்றைக்கே செய்ய வேண்டியது: பெண்கள் சிறுவர் பணியகத்தில் சொல்லவேணும். வாக்குமூலத்தில் பழைய சம்பவங்களையும் திகதியோடு சேர்க்கச் சொல்லவேணும். முறைப்பாட்டுத் துண்டை, இலக்கத்தோடு வாங்காமல் எழும்பக் கூடாது. தற்காப்புக்குக் கடித்தது, தள்ளியது உண்மையென்றால் அதையும் அவவே முந்திச் சொல்லவேணும், ஏன் என்பதோடு. மறுதரப்பில் இருந்து முதலில் கேட்டால்தான் அது குற்றமாய்த் தெரியும்.

சிங்களத்தில் எழுதினால், தமிழில் வாசிச்சுச் சொல்லும் வரைக்கும் ஒப்பம் வைக்கக் கூடாது. வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி, அரசியலமைப்பில் இருக்கிறது. கோபமாகச் சொல்லத் தேவையில்லை, "தமிழில எழுதித் தாங்க, நான் வாசிச்சுத்தான் சைன் வைப்பன்" என்றால் போதும். தமிழ் எழுதத் தெரிந்தவர் இப்போது இல்லை என்பார்கள். அப்படியென்றால் அவர் இருக்கிற ஷிப்ட் எப்போது என்று கேட்டு, அந்த நேரத்துக்குப் போகலாம். அன்றைக்கே அடி விழும் ஆபத்து இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

உப்புவெளி, ஜனவரி 19, கொஞ்சம் பிந்தி

ஒருவர் தனிமடலில் கேட்கிறார்: "குடிச்சா மட்டும்தான் அடிப்பார், மற்றபடி தங்கமான மனுசன், இதுக்குமா கோட்ஸ்?" இப்படியொரு நற்சான்றிதழை கிராம சேவகர் கூடக் கொடுக்க மாட்டார், மாமியார் மட்டும்தான் கொடுப்பா. வெறியில் இருக்கிறவர் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு அடிக்கிறதில்லை, முதலாளிக்கு அடிக்கிறதில்லை. ஆள் தெரிந்துதான் கை ஓங்குது.

உப்புவெளி, ஜனவரி 21

விண்ணப்பம். அவ வசிக்கிற இடம், தற்காலிகமாக என்றாலும் சரி, அல்லது அவர் வசிக்கிற இடம், அல்லது சம்பவம் நடந்த இடம், இதில் எந்த எல்லைக்குரிய நீதவான் நீதிமன்றத்திலும் போடலாம். மூதூரில் கலியாணம் கட்டியவ திருமலை டவுனில் தாய் வீட்டுக்கு ஓடி வந்திருந்தால் டவுனிலேயே போடலாம், கங்கைப் பாலம் தாண்டித் திரும்பப் போகத் தேவையில்லை. அவவுக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் போடலாம். பிள்ளைக்காகத் தாய் தகப்பனோ, பிள்ளை யாரோடு இருக்கிறதோ அவரோ போடலாம். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு. எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேட்பது நல்ல தொடக்கம். 1938 பெண்களுக்கான உதவி இலக்கம்.

விண்ணப்பத்தோடு சத்தியக்கடதாசி (நடந்ததைச் சத்தியம் செய்து எழுதின தாள்) வைத்தால், அவசரம் என்று நீதவானுக்குப் படுமிடத்து, எதிராளியைக் கேட்க முந்தியே இடைக்காலக் கட்டளை போடலாம். கடதாசி இல்லாவிட்டாலும் விண்ணப்பதாரியைச் சத்தியத்தின் மேல் விசாரித்துப் போடலாம். ஆனால் பயந்து நடுங்குகிறவ திறந்த கோட்ஸில் பேசுவதை விட, ஆறுதலாக எழுதி வந்த கடதாசி நன்றாகப் பேசும். முழு விசாரணை விண்ணப்பம் போட்டு 14 நாளுக்குள் வரவேணும்.

கடதாசியில் பிழைக்கிற இடம் எப்போதும் ஒன்றுதான். "எனது கணவர் என்னை அடிக்கடி அடித்துத் துன்புறுத்துவார்." இந்த ஒரு வசனத்தில் எதுவுமே இல்லை. எதிர்த்தரப்பு "இல்லை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடும். எழுதவேண்டியது இப்படி: எந்தத் திகதி, தெரியாவிட்டால் எதுக்கு முந்தி, எதுக்குப் பிந்தி (ஆடி அமாவாசைக்கு அடுத்த நாள், பெருநாளுக்கு முதல் வெள்ளி, பிள்ளையின் தவணைப் பரீட்சை நடந்த கிழமை). வீட்டில் எந்த இடம். கையாலா, பெல்ட்டாலா, துடுப்பாலா. உடம்பில் எங்கே. அவர் சொன்ன சொல்லை அப்படியே, தூசணம் என்றாலும் அப்படியே. யார் பார்த்தது, யார் கேட்டது. பிறகு எங்கே மருந்து கட்டினது. முதல் நடந்தது, ஆக மோசமானது, கடைசியாக நடந்தது: இந்த மூன்றையும் நுணுக்கமாக எழுதிவிட்டு, இடையில் உள்ளதைச் சுருக்கலாம். கடைசிச் சம்பவம் புதிதாக இருக்கவேணும், அவசரம் அதில்தான் தெரியும்.

அடி இல்லை, வாய்தான் என்றால்? சட்டத்தில் உளரீதியான துன்புறுத்தலும் இருக்கு. ஆனால் பாரதூரமான, கொடூரமான அல்லது இழிவுபடுத்துகிற நடத்தை ஒரு தொடராக நடந்திருக்கவேணும். ஒரு நாள் ஏச்சு காணாது. ஆகவே அங்கே திகதிகள் இன்னும் முக்கியம். ஒரு கலண்டரில் சின்னப் புள்ளி போட்டு வந்தாலே பிறகு ஞாபகம் வரும்.

உப்புவெளி, ஜனவரி 22

ஆஸ்பத்திரி. இதை முதலே எழுதியிருக்கலாம், ஏனென்றால் வரிசையில் இதுதான் முந்தி.

"என்ன நடந்தது?" என்று டொக்டர் கேட்பார். கூட நிற்பது மனுசன் அல்லது மாமியார். "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்." அது கட்டில் தலைமாட்டுச் சீட்டில் அப்படியே ஏறும். மாதக்கணக்கில் கழித்து கோட்ஸில் அந்தச் சீட்டு வரும், விழுந்தது என்று அவவே சொன்னதாக. ஆகவே தனியாகப் பேசவேணும் என்று தாதியிடம் ஒரு சொல் போட்டால் போதும், கூட வந்தவரை வெளியே அனுப்ப அவர்களுக்குத் தெரியும். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதுக்கென்றே நட்பு நிலையம் என்று ஒரு பகுதி இருக்கும், கேட்டுப் பாருங்கள். பொய் சொல்லிவிட்டால்கூட, வார்டில் இருக்கும்போதே திருத்திச் சொல்லலாம், அதையும் எழுதுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு திருத்துவது கஷ்டம்.

பொலிஸ் கொடுக்கிற சட்ட வைத்தியப் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரியிடம் போகவேணும். பொலிஸுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அங்கேயுள்ள பொலிஸ் பிரிவுக்குத் தகவல் போகும். காயத்துக்கு மருந்து கட்டுவது வேறு, சட்ட வைத்தியப் பரிசோதனை வேறு. முதலாவது நடந்தால் இரண்டாவதும் நடந்துவிட்டதென்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

கழுத்தை நெரித்தது தனி விசயம். வெளியில் அடையாளமே இல்லாமல் போகலாம். குரல் கரகரத்ததா, விழுங்க நோகுதா, கண் இருண்டதா, நினைவு தப்பியதா, சிறுநீர் போனதா, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளி இருக்கா, இதெல்லாம் டொக்டர் கேட்காவிட்டாலும் சொல்லவேணும். கழுத்தில் கை வைத்தவன் அடுத்த முறை கொல்லக்கூடிய ஆபத்து, வெறுமனே அறைந்தவனை விடக் கூட. "கழுத்தைப் பிடிச்சார்" என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறவர்களை நிறுத்தி, மீதியையும் கேளுங்கள்.

படம் எடுப்பது: ஒன்று தூரத்தில், முகமும் காயமும் ஒரே படத்தில். ஒன்று கிட்ட, பக்கத்தில் ஒரு ரூபாய்க் குத்தி வைத்து, அளவு தெரிய. கண்டல் அன்றைக்கே தெரியாது, இரண்டாம் மூன்றாம் நாள்தான் நீலம் பாரிக்கும், அப்போது திரும்ப எடுக்கவேணும். வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் படத்தை அழிக்காதீர்கள், அனுப்பின பிரதியில் எடுத்த திகதி நிற்காது.

கிண்ணியா வாசகி, ஜனவரி 24

எங்கட பக்கத்தில ராத்தாமார் கேட்கிறது வேற. காதியார்ட்ட போகாம கோட்ஸுக்குப் போனா நிக்காஹ் பிரச்சினை ஆகும், பள்ளி நிர்வாகம் கோவிக்கும் எண்டுறாங்க. அடி விழுற விசயத்தையும் காதியே பாக்கட்டும் எண்டு அனுப்புறதும் இருக்கு.

உப்புவெளி, ஜனவரி 24

2005ஆம் ஆண்டுச் சட்டம் மதம் பார்க்காது. முஸ்லிம் பெண்ணும் அதே நீதவான் நீதிமன்றத்தில் அதே கட்டளையை எடுக்கலாம், நிக்காஹ்வை அது அசைக்காது. முஸ்லிம் விவாக விசயங்களைப் பார்க்கிற காதி நீதிமன்றத்தில் தாபரிப்பு (செலவுக்காசு), பஸஹ் (மனைவி கேட்கிற விவாகரத்து), மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது) போன்றவை. இந்தப் பாதுகாப்புக் கட்டளை போட அங்கே அதிகாரம் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம்.

பஸஹ் கேட்கிறவர்களுக்கு ஒன்று: அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது, காதியோடு மூன்று மதிப்பீட்டாளர் இருப்பார்கள், எல்லாரும் ஆண்கள். தனியாக நின்று பேச வேண்டிய இடம் என்பதால், கையில் உள்ள தாள்கள் இன்னும் முக்கியம். நீதவான் கொடுத்த கட்டளையின் பிரதி, சட்ட வைத்திய அறிக்கை இருந்தால் அதை வைத்துவிட்டுப் பேசலாம். அந்த வகையில் கோட்ஸுக்கு முந்திப் போவது காதியார் முன்னால் கைகொடுக்கும். பள்ளி நிர்வாகம் கோவிக்குமா என்றால், கோவிக்கும். அது வேறு சண்டை, கிண்ணியா மூதூர்ப் பெண்கள் அதையும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

உப்புவெளி, ஜனவரி 27

19ஆம் திகதிக் குறிப்புக்கு ஒரு வால். இதைத் தடித்த எழுத்தில் வாசியுங்கள்.

பொலிஸிலோ இணக்க சபையிலோ "இருவரும் மனம் ஒத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்" என்று ஒரு கடிதம் எழுதி ஒப்பம் வாங்குவார்கள். அந்த நேரத்தில் அது பெரிய நிம்மதியாகத் தெரியும், தொல்லை விட்டது என்று. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில், இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்ந்தால் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை போட முடியாது. அந்த ஒரு வரியில் அவவுடைய தாபரிப்பு போய்விடும். பிள்ளைகளின் தாபரிப்பு போகாது. பிள்ளைக்கு 18 வயது வரை கேட்கலாம், 25 வரைக்கும் கேட்க வழி இருக்கு.

எழுதத்தான் வேணும் என்றால், "கணவரின் வன்முறை காரணமாக எனது பாதுகாப்புக்காகத் தனியே இருக்கிறேன்" என்று காரணத்தோடு எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டோம் என்றால் ஒப்பம் வைக்காமல் எழும்பி வரலாம். ஒப்பம் வைக்காததுக்கு யாரும் பிடித்து அடைக்க முடியாது.

நிலாவெளிக்காரி, ஜனவரி 28

அந்த அக்கா இப்பிடி ஒரு கடுதாசிக்கு சைன் வச்சது எண்டு இப்ப சொல்றா. கொப்பி இல்லையாம்.

உப்புவெளி, ஜனவரி 28

திரும்பச் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள்தானே? அதுக்குப் பிறகுதான் கடைசி அடி. அப்படியென்றால் அந்தக் கடிதத்தின் பிரிவு முடிந்துவிட்டது என்று வாதாடலாம். சேர்ந்து வாழத் தொடங்கின திகதியைச் சத்தியக்கடதாசியில் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். கடிதத்தை மறைக்க வேண்டாம், சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லவேணும்.

உப்புவெளி, பெப்ரவரி 2

இனி "வெறும் பேப்பர்".

கட்டளையை மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது ஒரு வருசம் வரை மறியல், அல்லது இரண்டும். 2005இல் 10,000 என்பது காசு. இப்போது ஒரு நல்ல ஆழ்கடல் ஓட்டத்தில் அதை எடுத்துவிடுவார்கள். மறியல்தான் பயமுறுத்தும். ஆனால் மீறல் நடந்தது என்று யாராவது சொன்னால்தானே?

கட்டளை பேப்பராகவே கிடப்பதுக்குப் பெரும்பாலும் காரணம், ஆள் கையில் அது போய்ச் சேராதது. கரையோரத்தில் இது நாளாந்தப் பிரச்சினை. பலநாள் படகில் போயிருப்பார், அல்லது காற்று மாறினதும் வேறு கரையில் வாடி (மீனவர் கொட்டில்) போட்டிருப்பார். நோட்டீஸ் "ஆள் இல்லை" என்று திரும்பி வரும், தவணை தள்ளும், கிழமைகள் ஓடும். ஆகவே விண்ணப்பத்தில் ஒரு விலாசம் மட்டும் கொடுக்காதீர்கள். தாய் வீட்டு விலாசம், வாடி இருக்கிற கரை, படகு முதலாளி யார், எந்த இறங்குதுறை, தொலைபேசி இலக்கம், எல்லாம் கொடுங்கள். எப்போது கரைக்கு வருவார் என்பது மனைவிக்குத்தான் தெரியும், பொலிஸுக்குத் தெரியாது.

மற்றது, கட்டளையின் பிரதி அவ இருக்கிற பொலிஸ் பிரிவுக்கும் அவர் இருக்கிற பொலிஸ் பிரிவுக்கும் போயிருக்கிறதா என்று நேரில் போய்ப் பார்ப்பது. ஒரு பிரதி கைப்பையில், ஒரு படம் போனில், ஒன்று அயலில் யாரிடமாவது. பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு எடுக்கும்போது "மனுசன் சண்டை பிடிக்கிறார்" என்று சொன்னால் குடும்பச் சண்டை. "கோட்ஸ் கட்டளை இருக்கு, இலக்கம் இது, அதை மீறி வீட்டுக்குள்ள வந்திட்டார்" என்றால் வேறு கதை.

பெரிய மீறல் வரைக்கும் காத்திருக்கவும் கூடாது. தொலைபேசி எடுக்கக் கூடாது என்று கட்டளை இருந்தால், ஒரு மிஸ்ட் கோலும் மீறல்தான். முதல் மீறலை விட்டுக்கொடுத்தால் அவருக்கு அளவு தெரிந்துவிடும்.

கட்டளை ஆகக் கூடியது 12 மாதம். நீட்டக் கேட்கலாம், முடிய முந்திக் கேட்கவேணும். முடிந்த பிறகு போனால் புதிதாகத் தொடங்கவேண்டி வரும்.

உப்புவெளி, பெப்ரவரி 3

18ஆம் திகதி "வீட்டுக்குள் வரவிடக் கூடாது என்றும் கேட்கலாம்" என்று எழுதியதில் இன்னும் கொஞ்சம் யோசிக்க இருக்கு. ஆளை வெளியேற்றும்போது நீதவான் பெண்ணுடைய, பிள்ளைகளுடைய இருப்பிடத் தேவையையும், அவருக்கு வரும் கஷ்டத்தையும் சேர்த்துப் பார்ப்பார். அவருக்குப் போக இடம் இருக்கு என்று காட்டினால் கட்டளை இலகு. தாய் வீடு ரெண்டு தெரு தள்ளி இருக்கு என்பதை எழுதவேணும்.

கிழக்கில் எங்களுக்கு ஒரு பலம், வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாக வந்தது, மாப்பிள்ளைதான் வந்து குந்தியவர். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் உறுதி யார் பேரில்? ஒப்பக்காணியென்றால் (அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த காணி) பெர்மிட் பலதும் "குடும்பத் தலைவர்" என்று மனுசன் பேரில்தான் போயிருக்கு, காணி தாய் வழியில் வந்திருந்தாலும். பிரதேச செயலகக் காணிக் கிளையில் கோப்பைப் பார்க்கக் கேளுங்கள். இந்த வேலையை வழக்குக்கு முந்திச் செய்யவேணும், பிந்தியில்லை. வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது என்றும் பாதுகாப்புக் கட்டளையில் கேட்கலாம். சீட்டுக்காசு, கடன் என்று உறுதியைத் தூக்கிக்கொண்டு திரிகிறவர்களுக்கு இது அவசியம்.

இன்னொன்று: திருமலைப் பெண் தேசவழமைக்குட்பட்ட (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) யாழ்ப்பாணத்து ஆளைக் கட்டினால், கலியாணம் இருக்கும் வரை தேசவழமை அவவுக்கும் வரும். தன் சொந்தக் காணியை விற்கவும் அவர் எழுத்தில் சம்மதம் வேணும். கிழக்குச் சீதனப் பெருமை அங்கே முடிஞ்சுது.

உப்புவெளி, பெப்ரவரி 6

பை. அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, உறுதி அல்லது பெர்மிட் பிரதி, அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் காசு) வரும் வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, நகை அடகுத் துண்டு. சான்றிதழ்களை பிரதேச செயலகத்தில் திரும்ப எடுக்கலாம். அடகுத் துண்டுதான் ஆபத்து: நகை அவவுடையது, துண்டு அவர் பேரில். அவர் மீட்டுக்கொண்டு போனால் கேட்க நாதியில்லை. எந்த நகை, எத்தனை பவுண், எங்கே வைத்தது என்று துண்டைப் படமெடுத்து வையுங்கள்.

பையை வீட்டில் வைக்க வேண்டாம். மாமியாரின் சொந்தக்காரி வீட்டிலும் வேண்டாம், இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், தேவை இருக்கு.

போன்: வட்ஸ்அப்பில் "இணைத்த சாதனங்கள்" என்பதைத் திறந்து பாருங்கள். மனுசனின் கொம்பியூட்டரோ மற்றப் போனோ அதில் இருந்தால் எல்லாம் அவருக்கும் போகுது. கூகிள் கணக்கை அவரே தொடங்கிக் கொடுத்திருந்தால் இருக்கிற இடமும் தெரியும். புது இலக்கம் எடுப்பதை விட, நம்பிக்கையான ஒருவரின் போனில் இருந்து பேசுவது முதல் கிழமைக்குப் போதும்.

கிண்ணியா வாசகி, பெப்ரவரி 7

ஊரில மாதர் சங்கம் இருக்கு. நாங்க கூடப் போகலாமா, போனா "கும்பலா வந்து மிரட்டுறாங்க" எண்டு சொல்லுவாங்களோ?

உப்புவெளி, பெப்ரவரி 7

போகலாம், போகவும் வேணும். பொலிஸுக்கு இரண்டு பேர் போதும். ஒருவர் பேசாமல் எழுத மட்டும்: எத்தனை மணிக்குப் போனோம், யாரோடு பேசினோம், என்ன சொன்னார்கள். எழுதுகிற ஆளைக் கண்டாலே கதைக்கிற விதம் மாறும். கோட்ஸுக்கு எத்தனை பேர் வந்தாலும் நல்லது, ஏனென்றால் மாமியார் வீட்டார் வானில் ஏறி வருவார்கள், இவ தனியாக வாங்கில் இருப்பா. வழக்கை வாபஸ் வாங்கும் முடிவு பெரும்பாலும் அந்த வாங்கில்தான் நடக்குது. ஆனால் அவருடைய வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போட வேண்டாம். உடனே எதிர் முறைப்பாடு வரும், திரும்ப 81.

தாள் சேர்க்கிற வித்தையைக் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் பழகவேணும். 2017இல் வடக்கு கிழக்கெங்கும் வீதியில் இருந்தவர்கள் அவர்கள். பொலிஸ் துண்டு, செஞ்சிலுவைக் கடிதம், ஆணைக்குழுவுக்குக் கொடுத்த பிரதி, எல்லாம் ஒரு பொலித்தீன் பைக்குள் திகதி வரிசையில் இருக்கும். படம் கேட்டால் ஒரு நிமிசத்தில் எடுத்துத் தருவார்கள். அந்தத் தலைமுறை அம்மாவை மாதர் சங்கத்தில் கோப்புப் பொறுப்பாளராய்ப் போட்டால், இளம் சட்டத்தரணிக்குப் பாதி வேலை முடிஞ்சுது.

இன்னொரு எச்சரிக்கை: விண்ணப்பதாரியின் பெயர், அடையாளம் தெரியும்படி வெளியிடுவது இந்தச் சட்டப்படி குற்றம். "எங்கட சங்கம் வெற்றி" என்று பேஸ்புக்கில் படம் போடாதீர்கள். அவவுக்கு நீதி கேட்டுப் போன நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டி வரும்.

நிலாவெளிக்காரி, பெப்ரவரி 11

அக்கா போடலாம் எண்டு சொல்றா. ஒரே பயம், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில வந்து தூக்கிட்டுப் போயிடுவாரோ எண்டு. போன மாசம் அப்பிடி வெருட்டினவராம்.

உப்புவெளி, பெப்ரவரி 11

அந்த வெருட்டலையும் கடதாசியில் ஒரு தனிப் பந்தியாக எழுதுங்கள், சொன்ன சொல்லோடு. பிள்ளையோடு தொடர்பு கொள்ளக் கூடாது, பள்ளிக்கூடத்துக்குள் போகக் கூடாது என்று கட்டளை கேட்கலாம். விண்ணப்பத்தில் பள்ளிக்கூடத்தின் பெயரை எழுதாமல் விட்டால் கட்டளையிலும் வராது. இடைக்காலக் கட்டளை கிடைத்த அன்றைக்கே ஒரு பிரதியை அதிபரிடம் நேரில் கொடுத்து, பிள்ளையை யாரோடு விடலாம் என்று இரண்டு பெயரை எழுத்தில் கொடுக்கவேணும். வகுப்பாசிரியருக்குத் தனியாகச் சொல்லுங்கள், வாசலில் நிற்கிறவருக்கும். ரியூசனுக்குப் போகிற பிள்ளையென்றால் ரியூசன் வாத்தியாருக்கும் ஒரு பிரதி, அங்கேதான் கேற்றில் ஆளே இருக்காது.